புளி போட்டுத் துலக்கிய துப்பாக்கி

இந்த வலைப்பூவில் இதுவரை அருவி, அணை, காட்டுப் பங்களா என்றுதான் எழுதியிருக்கிறேன். இந்த முறை ஒரு கைத்துப்பாக்கிக்கு விலை கேட்கப் போன கதை. பாலக்காட்டின் கிழக்கு ஓரத்திலிருந்து இடுக்கியின் கிழக்கு ஓரத்துக்கு, கேரளத்தை விட்டு வெளியே கால் வைக்காமல் ஒரு பயணம். போனது ஆடி மாதம், நல்ல மழையில். புத்தியுள்ளவர்கள் அந்த மாதத்தில் இடுக்கி ஏற மாட்டார்கள். எங்களுக்கு நேரம் பார்க்க வசதியில்லை.

துப்பாக்கி என் தாய்மாமாவுடையது. பெயரை மாற்றி நாச்சிமுத்து என்று வைத்துக்கொள்கிறேன். கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு, கொஞ்சம் வயல், எழுபது வயது. அவருடைய அப்பா ஏதோ ஒரு தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜர் ஊருக்குக் கிளம்பும்போது வாங்கிய இங்கிலாந்து ரிவால்வர் அது. அப்பாவுக்குப் பின் லைசென்ஸ் மாமா பெயருக்கு மாறியது. ஒரு காக்கையைக்கூட அதனால் சுட்டதில்லை. வெளிநாட்டுக் கைத்துப்பாக்கி இறக்குமதி நின்று பல வருஷமாகிவிட்டதால் இந்த மாதிரிப் பழசுக்கு லட்சக்கணக்கில் விலை என்று யாரோ சொல்ல, கம்பம்மெட்டுப் பக்கம் ஒரு ஏலத்தோட்டக்காரர் வாங்குவார் என்று இன்னொருவர் சொல்ல, மாமா என்னைக் கூப்பிட்டார். நான் கோயம்புத்தூரில் பம்ப்செட் கம்பெனியில் பாலிஷ் பிரிவைப் பார்த்துக்கொள்பவன். "இரும்பு பத்தி உனக்குத் தெரியுமல்ல மாப்ள, கூட வந்தீன்னா ஏமாத்த மாட்டாங்க" என்றார்.

வழியைப் பற்றி முதலில். சாதாரணமாக யாரும் பொள்ளாச்சி, பழனி, தேனி, கம்பம் என்று தமிழ்நாட்டு வழியில்தான் போவார்கள். ரோடு சமம், இட்லி நன்றாக இருக்கும். ஆனால் மாமாவின் லைசென்ஸ் கேரளத்துக்குள் மட்டும் செல்லும். பெட்டியோடு கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டினால் அங்கேயே கேஸ். ஆகவே பாலக்காடு, திருச்சூர், அங்கமாலி, மூவாற்றுப்புழை, தொடுபுழை, செறுதோணி, கட்டப்பனை. சுமார் முந்நூறு கிலோமீட்டர், அதில் கடைசி எண்பதும் மலை. விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்பிச் சாயங்காலம் நாலு மணிக்குக் கட்டப்பனை சேர்ந்தோம். வழியில் சுங்கச்சாவடி இரண்டு.

குதிரான் சுரங்கத்துக்கு முன்னால் டீ குடிக்க நிறுத்தினேன். ரிவால்வர் பூட்டிய மரப்பெட்டியில் அவர் மடியில் இருந்தது. தோட்டா போட்டிருக்கவில்லை. இருந்த நாலு தோட்டாவும் வெடிக்குமோ வெடிக்காதோ தெரியாத பழசு, அவை தனி டப்பாவில். டீ ஆறிப்போகும் வரை அவர் குடிக்கவில்லை. பிறகு, விற்பதற்கான உண்மைக் காரணத்தைச் சொன்னார். பணத்துக்காக இல்லை.

அவருடைய ஒரே மகன் கார்த்திக்கு முப்பத்திரண்டு வயது. தேங்காய் நார்த்தூளில் செடி வளர்க்கும் கட்டி செய்து ஏற்றுமதி பண்ணுகிறேன் என்று ஷெட் போட்டான். நன்றாகத்தான் போனது, பிறகு போகவில்லை. ஷெட்டை மூடி ஒரு வருஷமாகிறது. குடிக்கிறானா என்றால் இல்லை. குடித்தாலாவது திட்டலாம் என்கிறார் மாமா. பேசுவதில்லை, சாப்பிடக் கூப்பிட்டால் அப்புறம் என்கிறான், மத்தியானமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறான். போன மாதம் ஒருநாள் அத்தை தோப்பிலிருந்து வந்து பார்த்தால் பீரோ திறந்து கிடக்கிறது. கட்டிலில் கார்த்தி. மடியில் துப்பாக்கிப் பெட்டி.

"என்னடா கண்ணுன்னு கேட்டாளாமா. சும்மா பாத்துட்டு இருந்தேன்னு சொல்லீட்டு, பெட்டிய வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டானாம்" என்றார் மாமா. அன்றிலிருந்து பீரோச் சாவியை அத்தை தாலிக்கொடியில் கோத்துப் போட்டிருக்கிறாள்.

அப்படியானால் நேராகப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிடலாமே என்றேன். எனக்கு அது அவ்வளவு எளிதாகத் தெரிந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் கோயம்புத்தூர்க்காரனாகிவிட்டது புரிந்தது. மூன்று தலைமுறையாக ஆயுதபூஜைக்குப் பலகையில் வைத்துக் கும்பிட்ட சாமானைத் திடீரென்று கொண்டுபோய் ஒப்படைத்தால் ஊர் என்ன கேட்கும்? ஊர் கிடக்கட்டும், மகன் என்ன நினைப்பான்?

"அவனுக்குப் பயந்துக்கிட்டுக் குடுத்தம்னு தெரியக்கூடாது மாப்ள. அப்பன் நம்மள அப்புடி நெனைக்கறானான்னு ஒருக்கா அவனுக்குத் தோணிப்போச்சுன்னா அதுவே போதும். நல்ல வெல வந்துச்சு, வித்துட்டேன்னு சொல்லோணும். அதுக்கு ஒரு வெல வேணுமல்ல."

எனவே எங்களுக்குத் தேவை ஒரு விலை. வீட்டில் சொல்லக்கூடிய, கேட்டவன் நம்பக்கூடிய விலை. மீதி வழியெல்லாம் வைப்பர் ஓடிக்கொண்டே இருந்தது. குளமாவு தாண்டியதும் எதிரே வரும் வண்டியின் விளக்குகூட பத்தடியில்தான் தெரிந்தது. இடுக்கி அணையைப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கட்டப்பனையில் ஆயிரத்து நானூறு ரூபாய்க்கு அறை கிடைத்தது. சுவரெல்லாம் ஈரம், துண்டு காயவில்லை. மாமா பெட்டியைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தார்.

மறுநாள் காலை புளியன்மலை வழியாகக் கம்பம்மெட்டு. ஏலத்தோட்டங்களுக்கு நடுவே இருபத்தைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடக்குறைய. ரோட்டின் இரண்டு பக்கமும் ஏலக்காய் உலர்த்தும் அறைகளின் புகை. வாசனையை எழுதலாம், ஆனால் எனக்கு அன்று வாந்தி வரும்போல இருந்தது. எல்லைச் சந்திப்பில் நின்று பார்த்தால் கீழே கம்பம் பள்ளத்தாக்கு, திராட்சைத் தோட்டம், வெயில். அங்கே வெயில் அடிக்கிறது, நாங்கள் நிற்கும் இடத்தில் மழை. நாங்கள் வராத வழி கண்ணெதிரே காலடியில் கிடந்தது.

தோட்டக்காரரைப் பெருமாள்சாமி என்று வைத்துக்கொள்வோம். தாத்தா காலத்தில் கம்பத்திலிருந்து மேலே ஏறிய குடும்பம். அவருக்கு அறுபது வயது, கணுக்கால் வரை ரப்பர் பூட்ஸ், கழுத்தில் கண்ணாடி தொங்கும். குறிசுடும் போட்டிகளுக்குப் போகிறவர். லைசென்ஸ் வைத்திருக்கிறவர்களுக்குள் விற்பதென்றாலும் அதிகாரிகளுக்கு முன்கூட்டியே எழுதிக்கொடுத்துக் காத்திருக்க வேண்டும் என்பதால் அன்று பார்ப்பது மட்டுமே என்று முதலிலேயே சொல்லிவிட்டார். முதலில் எங்களுடைய லைசென்ஸை வாங்கிப் படித்தார். பிறகு மேஜையில் ஒரு பழைய கம்பளியை விரித்தார்.

மாமா பெட்டியைத் திறந்தார். ரிவால்வர் பளபளவென்று இருந்தது. கல்யாண வீட்டு வெள்ளிக் குத்துவிளக்குபோல வெள்ளையாக மின்னியது. பிடியில் தேக்குக் கதவுக்கு அடிக்கிற வார்னிஷ். குழலுக்குப் பக்கத்தில் தட்டையான இடத்தில் ஒரு சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். போன ஆயுதபூஜைக்கு வைத்தது. மாமாவின் முகத்தில் பெருமை இருந்தது. இருபது வருஷமாக இரும்பைத் தேய்த்துச் சம்பாதிக்கிறவன் நான். தேய்த்ததற்கும் தேய்ந்ததற்கும் வித்தியாசம் தெரியும்.

பெருமாள்சாமி கண்ணாடியை மாட்டித் திருகுகளைப் பார்த்தார். ஒவ்வொரு திருகின் தலையும் சிதைந்திருந்தது. தையல் மிஷின் திருப்புளியால் வருஷா வருஷம் கழற்றி மாட்டியது. பிறகு நகத்தால் பொட்டை மெதுவாகச் சுரண்டினார். அந்த இடத்தில்தான் செய்தவர்களின் முத்திரையும் நம்பரும் இருக்க வேண்டும். முத்திரை ஒரு வடுவாக இருந்தது. நம்பரில் முதல் மூன்று எழுத்து தெரிந்தது, மீதியைக் கண்டுபிடிக்க வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டியிருந்தது.

எதைப் போட்டுத் துலக்குவீர்கள் என்று கேட்டார். புளியும் சாம்பலும் என்றார் மாமா, விளக்குத் துலக்குகிற அன்றைக்கே அத்தை சேர்த்துத் துலக்கிவிடுவாளென்றும், இப்போது சில வருஷமாகக் கடையில் விற்கிற பித்தளை பாலிஷ் என்றும். பொட்டு எப்போதும் அந்தத் தட்டையான இடத்தில்தான், அங்கேதான் ஒட்டும். அடுத்த வருஷம் பழைய பொட்டைப் போக்க அங்கேயே இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்ப்பார்கள். இரும்பு என்றால் துருப்பிடிக்கக் கூடாது, சாமிக்கு வைப்பது என்றால் மின்ன வேண்டும். எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் இதைத்தான் செய்வார்கள். அரிவாள், மண்வெட்டி, மோட்டார் ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் அதுதான் மரியாதை.

பெருமாள்சாமி உள்ளே போய்த் தன்னுடையதைக் கொண்டுவந்தார். அதே கம்பெனி, ஏறக்குறைய அதே காலம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் நான் மாமாவின் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தேன். பெருமாள்சாமியுடையது மின்னவில்லை. நாவற்பழத்தின் தோல்போலக் கறுப்பில் நீலம். அது மேலே அடித்த பெயிண்ட் இல்லை, இரும்பே ஏற்றுக்கொண்ட நிறம். தேய்த்தால் போய்விடும், போனால் பழையபடி வராது.

"இங்கிட்டுப் பாருங்கய்யா" என்று என் கையில் கொடுத்தார். பக்கத் தகடு உடம்போடு சேர்கிற இடத்தில் கோடே தெரியவில்லை. விளிம்புகள் கத்தியாக இருந்தன. தட்டையான இடம் தட்டையாக இருந்தது. இதைச் சொல்ல வேண்டும்: அவசரத்தில் பாலிஷ் சக்கரத்தில் பிடித்துத் தேய்த்தால் திருகுத் துளையின் ஓரம் குழிந்துபோகும், எழுத்து இழுபடும். இதில் ஒரு துளைகூடக் குழியவில்லை. நிறம் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு ஆள் இதைக் கையால், கல் மாற்றிக் கல் மாற்றி, நாள்கணக்கில் தேய்த்திருக்கிறான். பிடியில் வெட்டிய கட்டங்கள் ஒவ்வொன்றும் கூராக உள்ளங்கையில் குத்தின. மாமாவுடையதில் அந்தக் கட்டங்களை உப்புத்தாள் போட்டு வழித்து வார்னிஷ் அடித்திருந்தார் எங்கள் ஊர்த் தச்சர்.

பிறகு பட்டாளத்துக்குச் செய்த ஒரு ரிவால்வரின் படத்தைக் காட்டினார். அரம் போட்ட கோடுகள் அப்படியே தெரிந்தன. யுத்த நேரத்தில் மினுக்க யாருக்கு நேரம்?

"சுடுறது ரெண்டும் ஒண்ணாத்தான் சுடும். அதுக்கும் இதுக்கும் வெலையில பாதிக்குப் பாதி வித்தியாசம். அம்புட்டும் கைவேலைக்கு. கைவேலை போயிருச்சுன்னா மிச்சம் இரும்புதான்."

துலக்காமல் அப்படியே இருந்திருந்தால் என்ன போயிருக்கும் என்று கேட்டேன். நாலு லட்சம், தாராளமாக, என்றார். இப்போது என்ன தருவீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மாமாவே கேட்டார். பெருமாள்சாமி கம்பளியைத் தடவிக்கொண்டே, விலையைவிட நம்பர்தான் சிக்கல் என்றார். நம்பர் தேய்ந்த துப்பாக்கியைத் தன் பெயருக்கு எழுதப் போனால், வேண்டுமென்றே அழித்ததா என்றுதான் முதல் கேள்வி வரும். தன் லைசென்ஸுக்கே ஆபத்து.

"சும்மாவே குடுத்தறனுங்க" என்றார் மாமா. "காசு வேண்டாமுங்க. நீங்க வெச்சுக்குங்க."

இப்படி ஒருவர் கெஞ்சுவதை அவர் எதிர்பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் சன்னலைப் பார்த்தேன். "சும்மா குடுத்தாலும் என்னால வாங்க முடியாதுங்கய்யா, கோவிச்சுக்கிறாதீங்க" என்றார். மனிதர் நல்லவர்தான். எங்களைச் சாப்பிட வைத்தார், கால் கிலோ ஏலக்காய் கட்டிக்கொடுத்தார். கிளம்பும்போது மாமா ஒன்று கேட்டார். "கும்புட்டதுதானுங்க தப்பாப் போச்சு?" பெருமாள்சாமி குடையை விரித்துக் கார் வரை வந்தார். எனக்கு மாமா மேல் கோபம்கூட வரவில்லை, துக்கமாகத்தான் இருந்தது.

இறங்கும்போது மழை கூடிவிட்டது. மலை ரோட்டில் இரவுப் பயணத்துக்குத் தடை போட்டிருப்பதாகச் செறுதோணியில் நிறுத்திச் சொன்னார்கள், நாங்கள் இருட்டும் முன்பே தொடுபுழைக்கு இறங்கிவிட்டோம். மூவாற்றுப்புழை வந்ததும் மாமா, ஒரு நாள் தாமதமாகும் என்று அத்தைக்கு போன் போட்டார். வீடு இருபத்தைந்து கிலோமீட்டரில் இருக்க, பாலக்காடு டவுனில் லாட்ஜ் எடுத்துத் தங்கினோம். பெட்டியோடு வீட்டுக்குள் நுழைய அவரால் முடியவில்லை.

மறுநாள் காலை கலெக்டர் ஆபீஸ் இருக்கும் சிவில் ஸ்டேஷனில் ஒரு அபேக்ஷை, விண்ணப்பம்தான், எழுதிக் கொடுத்தோம். வயதாகிவிட்டது, வைத்துக்கொள்ள விருப்பமில்லை, லைசென்ஸையும் ஆயுதத்தையும் ஒப்படைக்கிறேன் என்று. அங்கிருந்து போலீஸிடம் அனுப்பினார்கள். அங்கேயும் நம்பர் விவகாரம். ஒரு அதிகாரி டார்ச் அடித்து, கண்ணாடி வைத்து, பழைய ரெக்கார்டோடு ஒப்பிட்டு, மத்தியானம் வரை எங்களை உட்கார வைத்தார். கடைசியில் சரி என்றார். தோட்டா நாலையும் எண்ணி வாங்கினார். துப்பாக்கியின் பிடியில் நூலால் ஒரு அட்டையைக் கட்டினார்கள். அப்போது மாமா, ஒரு நிமிஷம் என்று சொல்லி, தோளில் கிடந்த துண்டின் முனையால் மிச்சமிருந்த குங்குமத்தைத் துடைத்துவிட்டுக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் பேங்குக்கு விடு என்றார். எதற்கு என்று எனக்குத் தெரிந்திருந்தது. வைப்புநிதி ஒன்றை முறித்து இரண்டு லட்சம் எடுத்தார். நாலு சொல்ல ஆசைதான், நாலு இல்லை. வாசலில் நின்று, "ரெண்டுன்னா நம்புவானல்ல?" என்று கேட்டார். நம்புவான் என்றேன், நடந்ததை அவனிடம் சொல்ல மாட்டேன் என்று வாக்கும் கொடுத்தேன்.

இந்த வழியை மட்டும் தேடி வந்தவர்களுக்காக இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் போகவர நாலாயிரத்து அறுநூறு. ஆடி, ஆவணியில் இடுக்கி ஏறுவதானால் மழை எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு, மத்தியானத்துக்குள் மலையை முடித்துக்கொள்ளுங்கள். சும்மா சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் கம்பம் வழியாகவே போங்கள், முதுகு பிழைக்கும். வீட்டில் லைசென்ஸோடு பழைய துப்பாக்கி இருந்தால் எண்ணெய்த் துணியால் ஒற்றி வையுங்கள், தேய்க்காதீர்கள், திருகில் கை வைக்காதீர்கள், பொட்டைப் பெட்டிக்கு வையுங்கள். எல்லை தாண்டும் முன் லைசென்ஸ் எந்த மாநிலத்துக்கு என்று படியுங்கள். வீட்டில் யாராவது மனசு சரியில்லாமல் இருந்தால் விலையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள், அன்றைக்கே ஒப்படைத்துவிடுங்கள். நாங்கள் ஒரு மாதமும் மூன்று நாளும் வீணடித்தோம்.

மீதி இதுதான். வீட்டுக்குப் போகும்போது மூன்று மணி. கார்த்தி முன்னறையில் இருந்தான். தாடி, கசங்கிய பனியன். மாமா பணத்தை மேஜையில் வைத்து, ஒத்திகை பார்த்த மாதிரியே சொன்னார். நல்ல பார்ட்டி, நல்ல விலை, கொடுத்துவிட்டேன். கார்த்தி பணத்தைத் தொடவில்லை.

"ரெண்டா? நாலு போகும்ங்க அப்பா. ஏமாத்தீட்டாங்க" என்றான்.

உனக்கு எப்படித் தெரியும் என்று மாமா கேட்டார். அன்றைக்குப் பெட்டியை வைத்துக்கொண்டு போனில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றான். அத்தை சமையலறை வாசலில் நின்று புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகம் தெளிந்ததை மூன்று நாளில் அப்போதுதான் பார்த்தேன். விலை பார்க்கத்தான் எடுத்திருக்கிறான், அவ்வளவுதான். அத்தை தாலிக்கொடியிலிருந்து சாவியைக் கழற்றிப் பீரோவிலேயே மாட்டினாள். எனக்கும் நம்ப ஆசையாக இருந்தது. காபி குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

கார் வரை கார்த்தி வந்தான். தூறலில் நின்றுகொண்டு கதவைப் பிடித்துக்கொண்டான். உள்ளே கேட்காதபடி மெதுவாகக் கேட்டான்.

"அத்தான், அது போயிருச்சல்ல? திரும்பி வராதல்ல?"

வராது என்றேன். எங்கே இருக்கிறது என்பதையும் சொன்னேன். விற்கவில்லை என்றும், அந்தப் பணம் யாருடையது என்றும் சொன்னேன். மாமாவுக்குக் கொடுத்த வாக்கை மீறித்தான் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். "நல்லது" என்றான். கண் கலங்கியதை மறைக்கவில்லை. அவன் விலையும் பார்த்திருக்கலாம். விலைக்காக மட்டும் அந்தப் பெட்டியை எடுக்கவில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது தெரிந்தது.

கோயம்புத்தூரில் எனக்குத் தெரிந்த ஒரு டாக்டர் இருக்கிறார், சாயங்காலம் ஆறு மணி வரை பார்ப்பார், பேச்சுக் கொடுத்துக் கேட்கிற ஆள் என்றேன். நான் முன்பக்கக் கதவைத் திறந்துவிட்டேன். மழை சீட்டில் விழுந்துகொண்டிருந்தது.

"ஒரு நிமிஷம் இருங்க. சட்டை போட்டுட்டு வந்தர்றேன்" என்று சொல்லி வீட்டுக்குள் போனான்.